உப்புப் போட்ட மோர்

இந்த வாரம் மாவடு பற்றி எழுதுவதாகச் சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். வாக்குத் தவறியதற்கு மன்னிக்க வேண்டும். மாவடு கிடைக்காமல் இல்லை. தர்மபுரி ஜில்லாவில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாட்டி வீட்டுப் புழக்கடை மரத்திலிருந்து ஒரு பை நிறையக் கொண்டு வந்தேன். அது இப்போது சமையலறையில் ஜாடிக்குள் உப்பில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பையோடு கூட வேறொரு விஷயமும் வந்து சேர்ந்துவிட்டது. அதைச் சொல்லாமல் ஊறுகாய் பற்றி எழுதக் கை ஓடவில்லை.

அதன் ஆரம்பம், நம்பினால் நம்புங்கள், தென்னாப்பிரிக்காவில்!

எங்கள் எதிர் வீட்டு மாமி டர்பன் நகரில் பிள்ளையோடு மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். போன மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, "இன்னிக்கு அங்கே லீவு, தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். ஏப்ரல் 27 அவர்களுக்குச் சுதந்திர தினம். 1994-ல் அந்தத் தேதியை ஒட்டித்தான் அந்த நாட்டுக் கறுப்பு ஜனங்கள் முதன்முதலாகப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். மே 10-ஆம் தேதி மண்டேலா ஜனாதிபதியானார்.

"அதெல்லாம் சரி. ஆனா அந்த ஊர்லே பழைய கதை கேட்டால் ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் சொல்றதோட ஒத்தே வராது" என்றார் மாமி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், அந்த நாளில் வாசல் கதவைப் பூட்டியதே இல்லை என்பாராம். கோயிலில் பழக்கமான தமிழ்ப் பாட்டி ஒருத்தி, "எங்களைக் கேட்டோ மேனரிலிருந்து பிடுங்கிச் சாட்ஸ்வொர்த்தில் நட்டார்கள், பாவிகள்!" என்று சபிப்பாளாம். அடுத்த மூச்சிலேயே, "ஆனாலும் அப்போது தெருவில் குப்பை கிடக்காது, பயமில்லாமல் நடக்கலாம்" என்பாளாம். மாமி வீட்டில் சமையலுக்கு உதவிய கறுப்பு அம்மாள் ஒன்றுமே பேச மாட்டாளாம். ஒரே ஒரு நாள் மட்டும், பட்டணத்துக்குள் கால் வைக்க அவளுடைய தாய் இடுப்பில் முடிந்து கொண்டு போக வேண்டியிருந்த பாஸ் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாளாம்.

அந்தப் பாஸ் புத்தகத்தைப் பெண்கள் தலையிலும் கட்டுவதை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9-ஆம் தேதி சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போனார்கள். இன்று அது அங்கே பெண்கள் தினம். 1948-ல் பதவிக்கு வந்த கட்சி, 1950-ல் ஒவ்வொரு மனிதனையும் நிறம் பார்த்துப் பதிவு செய்யவும், இன்ன நிறத்தார் இன்ன பகுதியில்தான் வசிக்கலாம் என்று பிரிக்கவும் சட்டம் போட்டது. கேப் டவுன் நகரில் ‘டிஸ்ட்ரிக்ட் ஸிக்ஸ்’ என்ற பேட்டையை 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, இருந்தவர்களை விரட்டி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இப்போது அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது. அதன் தரை முழுவதும் பழைய தெருக்களின் படம். விரட்டப்பட்டவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதியிருக்கிறார்கள். நீளமான துணி ஒன்றும் உண்டு. வருகிறவர்கள் அதில் பேனாவால் தங்கள் ஞாபகத்தை எழுத, பிற்பாடு அந்த எழுத்தின் மேலேயே ஊசி நூலால் தைத்துவிடுகிறார்கள். எம்பிராய்டரியில் நான் எத்தனையோ கிளிகளையும் ரோஜாப்பூக்களையும் பார்த்ததுண்டு. மேஜை விரிப்பின் மூலையில் போடும் அந்தத் தையலுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முன்னேற்றமா? அதிலும் அவர்களுக்குள் சண்டைதான். 1996 ஜனத்தொகைக் கணக்கில் மின்சார விளக்கு எரிந்த வீடுகள் நூற்றுக்கு 58. 2022 கணக்கில் 94-க்கும் மேல். அதே நாட்டில் வேலை தேடுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. பல்பைக் காட்டி ஒருவர் பேசினால், பல்பின் கீழ் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காட்டி இன்னொருவர் பேசுவார்.

எல்லாம் சொல்லிவிட்டு மாமி எழுந்தார். "என்ன இருந்தாலும் நம்ம ஊர்லே அப்படியெல்லாம் இல்லை, பார்!" என்றார்.

நானும் தலையாட்டினேன். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அந்த வார்த்தை இடறிற்று. ‘இல்லை’யாமே!

அதே டர்பன் நகரில் 1898-ல் நடந்த ஒரு சம்பவத்தைக் காந்திஜி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களில் ஒருவர் கிறிஸ்தவர். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்தவர். புதிதாக வந்தவரானதால், அவர் அறையின் இரவுப் பாத்திரத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு வீட்டுக்காரர்களுடையது. கஸ்தூரிபா அந்தப் பாத்திரத்தை எடுத்து வந்தார், கண்ணில் நீரோடு. சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று கணவர் அதட்டினார். வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போய்விட்டார். பிறகு வெட்கப்பட்டார். வெட்கப்பட்டதை மறைக்காமல் எழுதியது அவருடைய பெருமை. ஆனால் எனக்கு ஒரு குறை. இது மூன்று பேர் சம்பந்தப்பட்ட கதை. ஒருவருடைய ஞாபகம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. கஸ்தூரிபா அந்த நாளை எப்படி நினைத்தார்? மாடி அறையிலோ கீழறையிலோ உட்கார்ந்து, தன் பொருட்டு எழுந்த சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குமாஸ்தா எப்படி நினைத்தார்?

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 2001-ல், அதே டர்பனில் நிற வேற்றுமையை எதிர்த்து உலக மகாநாடு கூடியபோது, ஜாதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நம் நாட்டுத் தலித் பிரதிநிதிகள் கேட்டார்கள். ஜாதி வேறு, நிறம் வேறு என்று நம் சர்க்கார் மறுத்தது. மாமியின் அபிப்பிராயந்தான், கொஞ்சம் பெரிய மேடையில்!

இந்த நினைப்போடுதான் ஊருக்குப் போனேன். பாட்டி காலமாகிப் பல வருஷமாகிறது. வீட்டில் அத்தை மட்டும் இருக்கிறார். திண்ணை, முற்றம், புழக்கடையில் மாட்டுக் கொட்டகை. எங்கள் ஜாதி என்ன என்று கேட்காதீர்கள். திண்ணை உள்ள ஜாதி. அது போதும்.

பேச்சுவாக்கில் அத்தையைக் கேட்டேன். "அந்தக் காலத்திலே எல்லாரும் தாயும் பிள்ளையுமா இருந்தோம்மா. சண்டை உண்டா, சச்சரவு உண்டா? உங்க பாட்டி கையாலே மோர் குடிக்காத ஆளு அந்தக் காலனியிலே உண்டான்னு கேட்டுப் பாரு. இப்பத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கறதில்லே" என்றார். அத்தை பொய் சொல்கிறவர் அல்ல. பாட்டி வாரி வழங்கியவர் என்பது எனக்கும் தெரியும். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். களை எடுத்துவிட்டு வரும் பெண்கள் கொட்டகைப் பக்கம் நிற்பார்கள். பாட்டி குண்டானோடு வருவார். கொட்டகைக் கூரையின் எரவாணத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். "இது யாருது பாட்டி?" என்று கேட்டதற்கு ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, "அது அவளோட டம்ளர்" என்றார். எனக்கும் என் பேர் வெட்டிய வெள்ளி டம்ளர் ஒன்று இருந்தது. அவளுக்கும் அப்படித்தான், பாட்டிக்கு அவள்மேல் அத்தனை பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்புங்கள், வெகு காலம் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் இருக்கிறாளா என்று விசாரித்தேன். ‘இருக்கிறாரா’ என்று எழுத வேண்டும், எண்பதைத் தாண்டியவர். ஆறு வயதில் நான் அவரைப் பேர் சொல்லி, "ஏய், இங்கே வா" என்று கூப்பிட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் கண்டித்ததில்லை. அவரும், "வரேன் பாப்பா" என்று வந்திருக்கிறார். இப்போது அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "ஆயா!" என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுநேரம் சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"உங்க பாட்டி நல்லவங்க கண்ணு. மத்த வூட்டிலே வெறும் மோரு. உங்க பாட்டி மட்டுந்தான் உப்புப் போட்டு ஊத்துவாங்க. அந்த மனசு யாருக்கு வரும்? ஆனா உசரத்திலேருந்து ஊத்துவாங்க. டம்ளருலே பாதி, மூஞ்சியிலே பாதி. ஈயெல்லாம் மொய்க்கும். அந்த மூஞ்சியோடவே திரும்பக் களைக்குப் போவோம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, நின்றது என்பதுபோல் சொன்னார்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் வந்த வருஷம் அவருக்குக் கல்யாணமாம். அதாவது 1959. தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் சொல்லி ஒன்பது வருஷம். தீண்டாமைக் குற்றச் சட்டம் அமலாகி நாலு வருஷம். புருஷன் வீட்டுக்குப் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஊர்த் தெரு முனையில், கழற்றிக் கையில் எடுத்துக்கொள் என்று மாமியாரே சொல்லிவிட்டார். பூவும் மாலையுமாக, கையில் செருப்போடு, கல்யாணப் பெண் அந்தத் தெருவைக் கடந்திருக்கிறாள். ஆயா குனிந்து மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இது தெரு, இது உங்கள் வீடு, இங்கே கிணறு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் குடத்தோடு நிற்க வேண்டும். யாராவது மனம் இரங்கி இறைத்து ஊற்றினால் உண்டு. ஒரு வேப்பமரம், ஒரு கல் என்று புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். அறுபது வருஷத்துக்கு முந்திய தூரங்கள், முழக் கணக்கு மாறாமல் விரல் நுனியில் இருந்தன. அதே தெருவை என் அத்தையும் அறிவார். அவருடைய ஞாபகத்தில் அந்தக் கல் இல்லை. இருக்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

"இப்போ எப்படி ஆயா?" என்றேன்.

"இப்போ என்ன, ராசாத்தியாட்டம் இருக்கேன்" என்றார். மச்சு வீடு, ரேஷன் அரிசி, வாசல்வரை தார் ரோடு. பேத்தி ஓசூரில் நர்ஸ். ஊசி போடும்போது யாரும் ஜாதி கேட்பதில்லையாம். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது மட்டும், "எந்த ஊரு? ஊரிலே எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்களாம். அந்த ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. சென்னையில் நானே காதாரக் கேட்டிருக்கிறேன்.

டீக்கடைப் பேச்சும் வந்தது. இரட்டைக் குவளை என்பது இந்த ஜில்லாவில் பிரசித்தம். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். மற்றவர்களுக்கு வெளியில் தனிக் குவளை, குடித்துவிட்டுத் தாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். நாயக்கன்கொட்டாய் வட்டாரத்தில் 1970, 80-களில் நக்ஸலைட் இளைஞர்கள் கடைக்குக் கடை போய் அதை நிறுத்தினார்கள். அவர்களுடைய மற்றக் காரியங்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அது இங்கே வேண்டாம். குவளை போயிற்று என்பது வாஸ்தவம். இப்போது ஆயா ஊர்க் கடையில் எல்லாருக்கும் காகிதக் கப். "ஒரே மாதிரி கப்பு, தகராறு இல்லை" என்கிறார் கடைக்காரர். ஆயாவுக்கு அது திருப்தியில்லை. "கண்ணாடி கிளாசுலே ஒரு தரம் குடிக்கணும்னு இருந்தேன் கண்ணு. எங்க முறை வரும்போது கிளாசையே எடுத்துட்டாங்க!" என்று மறுபடியும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் நத்தம் பற்றிச் சொன்னார். அவருடைய உறவில் ஒரு பெண் வாழ்க்கைப்பட்ட இடம் அது. உங்களுக்கு நினைவிருக்கும். நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில், 2012 நவம்பர் 7-ஆம் தேதி மாலை 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள், பெண்ணின் தகப்பனார் உயிரை மாய்த்துக்கொண்டார், அதன்பின் இது. அந்தப் பையனும் அடுத்த வருஷம் ஜூலை 4-ஆம் தேதி தர்மபுரி ரயில் பாதை ஓரத்தில் பிணமாகக் கிடந்தான். எரிந்தது குடிசை மட்டுமல்ல. பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை செய்து மிச்சம் பிடித்து வாங்கிய பீரோ, மோட்டார் சைக்கிள், நகை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள். குவளையை ஒழித்த வட்டாரமே இதுதான் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, முன்னேற்றம் என்பதை எந்த வருஷத்தில் நின்றுகொண்டு அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயாவின் உறவுப் பெண் சொன்னாளாம்: "என் கல்யாணப் புடவை போனது போகட்டும் பெரியம்மா. எம்பையனோட பத்தாங் கிளாஸ் சர்ட்டிபிகேட்டைத் தனியாத் தேடிப் பிடிச்சு எரிச்ச மாதிரி இருந்துச்சி."

இரவு அத்தையிடம் இவற்றில் பாதியைச் சொன்னேன். அத்தை அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு, "அவ சொல்றதை நம்பறியா, உங்க பாட்டியை நம்பறியா?" என்றார்.

கஷ்டமான கேள்வி. தென்னாப்பிரிக்காவில் 1996-ல் பாதிரியார் டெஸ்மண்ட் டுட்டுவின் தலைமையில் கமிஷன் வைத்து, 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அடிபட்டவர்களும் சொன்னார்கள், அடித்தவர்களும் வந்து சொன்னார்கள். நம் ஜில்லாவில் அப்படிக் கமிஷன் இல்லை. ஆனால் ஒரு வழக்கு உண்டு. அரூர் தாலுகாவில், சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி. பழங்குடி ஜனங்களின் ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ அதிகாரிகள் உள்ளே புகுந்தார்கள். வீடுகள் நாசமாயின. 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்பது அதிகாரிகளின் ஞாபகம். நடந்தது என்பது அந்தப் பெண்களின் ஞாபகம். ஸி.பி.ஐ. விசாரித்து 269 பேர்மேல் வழக்குத் தொடர்ந்தது. தர்மபுரிக் கோர்ட்டில் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். அப்பீலை விசாரித்த ஹைகோர்ட் நீதிபதி, 2023 மார்ச்சில் தாமே அந்தக் கிராமத்துக்குப் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்தார். பன்னிரண்டு வருஷம் இடைவெளி; தேதி மட்டும் அதே தேதி. முப்பத்தோரு வருஷம் அந்தப் பெண்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "பாட்டியையும் நம்பறேன், அத்தை. மோர் ஊத்தினது நெஜம்தானே. எவ்வளவு உசரத்திலேருந்து ஊத்தினாங்கன்னு கீழே நின்னவங்களைத்தானே கேக்கணும்?" என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. அரிசியில் கல்லைத் தேடத் தொடங்கிவிட்டார்.

அன்று இரவு படுத்தபடியே என் சென்னை வீட்டுச் சமையலறையை நினைத்தேன். ஜன்னல் விளிம்பில், பாத்திரம் தேய்க்கும் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கிறது. வேலைக்கு வரும் அம்மாளுக்குக் காப்பி அதில்தான். நான் வைத்ததல்ல, எப்படியோ அங்கே இருக்கிறது. "அது அவங்க டம்ளர்" என்று என் பெண்ணிடம் நானே சொல்லியிருக்கிறேன். சகோதரிகளே, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கண்ணும் ஒரு தரம் ஜன்னல் பக்கம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் புறப்படும் முன் ஆயாவைப் பார்த்து, "வீட்டுக்கு வாங்க, மாவடு பறிக்கணும்" என்றேன்.

"வரேன் கண்ணு. எந்த வழியா வரட்டும்?"

"வாசல் வழியா."

வந்தார். திண்ணை ஓரத்தில் வந்து நின்றார். அத்தை உள்ளேயிருந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே களத்தில் ஒரே கேழ்வரகைப் புடைத்தவர்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அத்தை, "உக்காரு" என்றார். ஆயா உட்கார்ந்தார், திண்ணையின் விளிம்பில். அத்தை உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஏதோ அலமாரியைத் திறந்து மூடினார். காப்பிக்கு அத்தனை நேரம் ஆகாது. நான் எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்து, போகாமல் இருந்தேன்.

காகிதக் கப்பில் எதையும் குடிக்க மாட்டேன், அது மெழுகு நாற்றம் என்று பிடிவாதம் பிடிக்கும் என் அத்தை, யாரோ கல்யாணத்தில் மிஞ்சியதென்று கொடுத்த காகிதக் கப்பில் காப்பி கொண்டு வந்தார். ஆயாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தமக்கு ஒன்று. ஆயா கப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கு ஏன் என்று தெரியாது. ஆனாலும் லேசாகச் சிரித்தார். மூன்று பேரும் குடித்தோம். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

மாவடு அடுத்த வாரம்.